பயிற்றுநர் போன பிறகு: யாங்கூனும் கலைப் பாதுகாப்புப் பயிற்சியும்

யாங்கூன் தேசிய அருங்காட்சியகத்தில் பர்மிய மன்னர்களின் சிம்மாசனம் ஒன்று இருக்கிறது. அது மண்டலே அரண்மனையைச் சேர்ந்தது. 1885-இல் ஆங்கிலேயர் திபோ மன்னரைச் சிறைப்பிடித்து நாடு கடத்தினார்கள். 1902-இல் அந்தச் சிம்மாசனம் கல்கத்தா அருங்காட்சியகத்துக்குப் போனது. 1945-இல், போரின் கடைசி மாதங்களில், மண்டலே அரண்மனை எரிந்து சாம்பலானது. அங்கிருந்த மற்றச் சிம்மாசனங்களும் அதோடு போயின. கல்கத்தாவில் இருந்ததால் இது ஒன்று மட்டும் தப்பியது. பர்மா விடுதலை பெற்ற 1948-இல் ஊர் திரும்பியது.

தீயிலிருந்து தப்பிய சிம்மாசனம் காலத்திடமிருந்தும் தப்ப வேண்டும். செதுக்கிய மரத்தின்மேல் 'தித்சி' என்னும் மரப்பால் பூச்சு, அதன்மேல் பொன் ரேக்கு என்று அடுக்கடுக்காக அமைந்த பொருள் அது. மரம் மழைக்காலத்தில் ஈரத்தை வாங்கி விரியும், வேனிலில் சுருங்கும். மேலிருக்கும் பூச்சு அந்த அளவுக்கு அசைவதில்லை. ஆண்டுக்கு ஏறக்குறைய 2,700 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில் இந்த இழுபறி ஓயாது. நாளடைவில் பூச்சு மரத்தை விட்டுப் பிரிந்து, செதில் செதிலாக எழும்பும். அப்படி எழும்பும் செதிலைத் திரும்பப் படிய வைக்க யாருக்குத் தெரியும்? அவர் எங்கே படித்தார்? படித்து முடித்தபின் அவருக்கு யாங்கூனில் வேலை இருக்கிறதா? ஒரு நாட்டின் கலைச்செல்வம் நிலைப்பதும் அழிவதும் இந்த மூன்று கேள்விகளுக்கான விடையில்தான் இருக்கிறது. பாதுகாப்புப் பயிற்சியை எத்தனை பேர் சான்றிதழ் வாங்கினார்கள் என்பதை வைத்து எடைபோடக் கூடாது. பயிற்றுநர் விமானம் ஏறிப் போன பிறகு யார் கையில் கருவி இருக்கிறது, அந்தக் கை யாருக்காக வேலை செய்கிறது என்பதே அளவுகோலாக இருக்க வேண்டும். யாங்கூனின் கடந்த சில பத்தாண்டுகள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன.

இரண்டு அறிவுகள்

பொன் பூசிய மரச் சிற்பத்தில் செதில் எழும்பினால், பயிற்சி பெற்ற பாதுகாப்பாளர் முதலில் அதைத் தொடுவதில்லை. பக்கவாட்டிலிருந்து தாழ்வாக விளக்கைப் பிடித்துப் படமெடுப்பார். நேர் வெளிச்சத்தில் தெரியாத மேடு பள்ளமெல்லாம் அந்தச் சாய்ந்த ஒளியில் நிழலோடு தெரியும். எங்கே பூச்சு கழன்றிருக்கிறது, எங்கே பிற்காலத்தில் மறுபூச்சு ஏறியிருக்கிறது, எங்கே பூச்சி துளைத்திருக்கிறது என்று ஒரு வரைபடம் தயாராகும். பிறகு கண்ணில் படாத ஓரத்தில் பசையைச் சோதிப்பார். அதன்பின் மெல்லிய காகிதத்தைச் செதிலின்மேல் ஒற்றி, நீர்த்த பசையை நுண் தூரிகையால் அடியில் இறக்கி, சிறு எடை வைத்து அமர்த்துவார். பின்னொரு நாள் அதைவிட நல்ல வழி தெரியவந்தால் பொருளுக்குச் சேதமில்லாமல் அகற்றக்கூடிய பசையையே தேர்ந்தெடுப்பார். செய்தது அனைத்தையும் எழுதி வைப்பார். இது ஆய்வகமும் அருங்காட்சியகமும் வளர்த்த அறிவு.

தித்சியைப் பற்றிய அறிவோ வேறிடத்தில் இருக்கிறது. வண்ணம் காய வெயிலும் காற்றும் வேண்டும் என்பது நம் பழக்கம். தித்சி நேர்மாறானது: ஈரமான காற்றில்தான் அது இறுகும். அதனால்தான் பாகானின் அரக்குக் கைவினைஞர்கள் பூசிய கலங்களை நிலவறைகளில் வைத்துக் காய விடுகிறார்கள். தித்சியோடு சாம்பல் கலந்து பிசைந்தால் 'தாயோ' என்னும் களி கிடைக்கும். சிம்மாசனங்களிலும் புத்தர் சிலைகளிலும் புடைப்பு வேலைப்பாடு அதில் உருவாகிறது. எந்தச் சாம்பல், எவ்வளவு பதம், அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே எத்தனை நாள் என்பதெல்லாம் பாகான் குடும்பங்களில் தலைமுறையாக வருபவை. 1924-இல் அங்கே தொடங்கிய அரக்குத் தொழிற்பள்ளி அந்த அறிவுக்குப் பாடத்திட்டம் அமைத்தது. பர்மிய மரபு கைத்தொழில்களைப் பத்தாகப் பிரித்து 'பான் செ மியோ' என்கிறது. கொல்லு, மரச் செதுக்கு, பொன் வெள்ளி வேலை, சுதை, கொத்து வேலை, கல் சிற்பம், கடைசல், ஓவியம், அரக்கு, வார்ப்பு ஆகியவை அவை.

ஆய்வக அறிவு மட்டும் உள்ளவர் நோயைக் கண்டுபிடிப்பார். பொருளின் இயல்பு அவருக்குப் பிடிபடாது. கைவினை அறிவு மட்டும் உள்ளவர் அழகாகப் புதிதாகச் செய்து தருவார். பழையது அதன் அடியில் மறைந்துபோகும். இருவரையும் ஒரே மேசைக்குக் கொண்டுவருவதுதான் பயிற்சியின் முதல் கடமை.

மெர்ச்சன்ட் தெருவின் பாடம்

2005-இல் ராணுவ அரசு தலைநகரை நேப்பியிதோவுக்கு மாற்றத் தொடங்கியதும், யாங்கூனின் அமைச்சகக் கட்டடங்கள் பல வெறுமையாயின. 2011-க்குப் பின் நாடு திறந்தபோது நிலத்தின் விலை ஏறியது. பழைய கட்டடங்களை இடித்து அடுக்குமாடி எழுப்பும் அவசரம் பற்றிக்கொண்டது. அந்த நேரத்தில், 2012-இல், வரலாற்றாசிரியர் தான் மியின்-ஊ யாங்கூன் மரபு அறக்கட்டளையை நிறுவினார். நகராட்சியின் மரபுப் பட்டியலில் 189 கட்டடங்கள் இருந்தன. பெரும்பாலும் அரசுக் கட்டடங்களும் வழிபாட்டிடங்களும்தாம். சாதாரண மக்கள் குடியிருக்கும் தெருக்களுக்கு அந்தப் பட்டியலில் இடம் சொற்பம்.

அப்படிப்பட்ட ஒரு குடியிருப்பில் கை வைத்தது டர்க்வாய்ஸ் மவுண்டன் அமைப்பு. 2006-இல் அன்றைய பிரிட்டிஷ் இளவரசர் சார்லஸின் முன்முயற்சியில் தொடங்கி, காபூலின் முராத் கானிப் பகுதியைச் சீரமைத்த அனுபவம் அதற்கு உண்டு. யாங்கூனில் மரபு அறக்கட்டளையோடு சேர்ந்து மெர்ச்சன்ட் தெருவின் 491 முதல் 501 வரை எண்கொண்ட நூறாண்டுப் பழைய கட்டடத்தை எடுத்துக்கொண்டது. குடியிருந்தவர்களை வெளியேற்றாமலே வேலை நடந்தது. உள்ளூர்க் கொத்தனார்களும் தச்சர்களும் வேலை செய்துகொண்டே கற்றார்கள். பின்னர் சுலே பகோடாவின் சுற்றுவட்டத்தில் 'டூரிஸ்ட் பர்மா' என்று பெயர்பெற்ற கட்டடத்திலும் இதே முறை தொடர்ந்தது.

அங்கே கற்க வேண்டியிருந்ததில் முதன்மையானது சுண்ணாம்பு. பழைய யாங்கூன் கட்டடங்கள் மென்மையான செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டவை. மழையில் சுவர் ஈரத்தை உறிஞ்சும். வெயிலில் காரை வழியே அதை வெளிவிடும். அந்தச் சுவரின்மேல் சிமெண்ட் பூசினால் வெளியேறும் வழி அடைபடும். ஈரம் செங்கல்லுக்குள்ளேயே தங்கும். அதில் கரைந்த உப்பு உள்ளே படிகமாகி, செங்கல் பொரிந்து மாவாக உதிரும். வெளியே பார்த்தால் சுவர் புத்தம் புதிதாக இருக்கும். சிமெண்ட் பூச்சு பெயர்ந்து விழும் நாளில்தான் உள்ளே செங்கல் இல்லாதது தெரியும். கார்னிசில் வேர்விட்ட அரசங்கன்றைப் பிடுங்குவதிலும் இதே கவனம் வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் வேரோடு சுவரும் வரும். வெட்டி, வேரைச் சாகவிட்டு, பிறகு காரையால் அடைக்க வேண்டும்.

செட்டிநாட்டு வீடுகளைப் பராமரிப்பவர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் சுண்ணாம்பைக் குழைத்து, அரைத்து, நாள்கணக்கில் புளிக்கவிட்டுப் பூசிய கொத்தனார்கள் நம்மிடம் இருந்தார்கள். அந்த வீடுகளின் தூண்கள் பர்மாத் தேக்கு. அவற்றைக் கட்டிய பணத்தில் பெரும்பங்கு பர்மாவில் ஈட்டியது. பொருளையும் பணத்தையும் கடல் கடத்திய இரு ஊர்களும் காரைக் கலையில் இன்று ஒரே நிலையில் நிற்கின்றன: தெரிந்தவர்கள் மூப்படைந்துவிட்டார்கள், இளையவர்களுக்குச் சிமெண்ட் மட்டுமே தெரியும்.

மெர்ச்சன்ட் தெரு வேலையின் தனிச்சிறப்பு, கற்றுக்கொண்டவர்கள் அதே நகரின் தொழிலாளர்கள் என்பது. திட்டம் முடிந்தாலும் சுண்ணாம்பின் பதம் அவர்கள் கையில் தங்கும். அடுத்த தெருவில் ஒரு வீட்டுக்காரர் கூப்பிட்டால் போய்ச் செய்ய ஆள் இருக்கும்.

பாகான் சொல்லும் எச்சரிக்கை

பாகானில் 3,500-க்கும் மேற்பட்ட நினைவுச்சின்னங்கள் உண்டு. 1975-ஆம் ஆண்டு நிலநடுக்கம் அவற்றில் பலவற்றைச் சிதைத்தது. அதன் பிறகு யுனெஸ்கோ துணையோடு நடந்த பணியில் பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் பியர் பிஷார் கோயில் கோயிலாக அளந்து, வரைந்து, எட்டுத் தொகுதிகளாக ஆவணப்படுத்தினார். தஞ்சைப் பெரிய கோயிலின் கட்டடக்கலையை ஆராய்ந்து நூல் எழுதியவரும் அவரே. 1980-களில் சுவரோவியப் பாதுகாப்பாளர் ரொடோல்ஃபோ லுஹான் பாகான் ஓவியங்களில் பணிபுரிந்து, உள்ளூர்த் தொல்லியல் துறையினருக்குப் பயிற்சி தந்தார்.

பிறகு காற்று திசை மாறியது. 1990-களில் நூற்றுக்கணக்கான சிதைந்த கோயில்களுக்கு மேல் புதுச் செங்கல்லில் கோபுரங்கள் எழுந்தன. பல இடங்களில் பழைய வடிவம் எது என்பதற்கு ஆதாரமே கிடையாது. ஊகத்தில் கட்டியவை அவை. 1996-இல் உலக மரபுப் பட்டியலுக்கான விண்ணப்பம் நிறைவேறவில்லை. 2016 ஆகஸ்ட் 24-இல் 6.8 அளவிலான நிலநடுக்கம் ஏறக்குறைய 400 கட்டடங்களைச் சேதப்படுத்தியபோது, இடிந்து விழுந்ததில் பெரும்பகுதி அந்தப் புதிய கட்டுமானம்தான். எது 12-ஆம் நூற்றாண்டு, எது இருபதாண்டுச் செங்கல் என்று பிரித்தறிய பிஷாரின் தொகுதிகள் கைகொடுத்தன. 2012 முதல் இத்தாலிய அரசின் நிதியில் யுனெஸ்கோ நடத்திய திறன் வளர்ப்புத் திட்டத்தில் பயின்ற இளைஞர்களும் துறையில் இருந்தார்கள். 2019-இல் பாகான் உலக மரபுப் பட்டியலில் ஏறியது.

ஆனந்தா கோயிலில் இந்தியத் தொல்லியல் துறையும் நீண்ட காலம் பணிபுரிந்திருக்கிறது. எனினும் பாகானிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் நிதியைப் பற்றியதல்ல. 1980-களிலும் பயிற்சி நடந்தது. ஆனால் பயின்றவர்களின் சொல் எடுபடும் பதவிகள் இல்லாததால் 1990-களின் அவசரக் கட்டுமானத்தை அவர்களால் தடுக்க இயலவில்லை. பயிற்சி பெற்றவருக்குப் பணியிடமும், 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமையும் சேர்ந்தால்தான் அது பாதுகாப்பு.

வழிபாட்டில் இருக்கும் பொருள்

மண்டலேயின் மகாமுனி புத்தர்மேல் ஆண் பக்தர்கள் நாள்தோறும் பொன் ரேக்கு ஒட்டுகிறார்கள். பல தலைமுறையாக ஒட்டிய பொன் ஏறக்குறைய ஆறு அங்குலக் கனத்துக்குத் திரண்டு, சிலையின் உடல் வடிவமே மறைந்துவிட்டது. அருங்காட்சியக நோக்கில் அது சேதம். பக்தரின் நோக்கில் அதுதான் சிலையின் உயிர். யாங்கூனின் ஷ்வேடகோன் பகோடாவும் அப்படியே. பொன் தகடுகளைக் காணிக்கையாக்கிப் புதுப்பித்துக்கொண்டே இருப்பதால்தான் அது நிற்கிறது.

தமிழ் வாசகருக்கு இந்த முரண் நன்றாகவே தெரியும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு, அதற்குமுன் திருப்பணி. அந்தத் திருப்பணியின் பெயரால் மணல் வீச்சில் சிற்பங்களின் நுட்பம் தேய்ந்ததும், சுவரோவியங்களின்மேல் வெள்ளையடித்ததும், கல்வெட்டுள்ள கற்கள் இடம் மாறியதும் தமிழ்நாட்டில் நடந்தவை. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் கோயில்கள், நினைவுச்சின்னங்கள் பாதுகாப்பு குறித்து 75 கட்டளைகள் பிறப்பிக்கும் அளவுக்கு அது வளர்ந்தது.

பக்தியைத் தடுக்கும் பாதுகாப்பாளர் தோற்றுப்போவார்; அவர் தோற்பதும் சரிதான். கோயில் அதைக் கட்டி வணங்குபவர்களுடையது. அவர் செய்யக்கூடியது வேறு. திருப்பணிக்கு முன் ஒவ்வொரு சுதை உருவத்தையும் படமெடுத்து, பழைய வண்ணத்தின் மாதிரியைக் குறித்துவைக்கலாம். உற்சவ மூர்த்திகளைப் புளி போட்டுத் தேய்ப்பதால் என்னவாகிறது என்று அர்ச்சகருக்குக் காட்டலாம். ஒவ்வொரு தேய்ப்பிலும் புளியின் அமிலம் உலோகத்தின் மேற்பரப்பைக் கொஞ்சம் கரைக்கிறது; கண் விளிம்பும் அணிகலன் கோடும் மெல்ல மழுங்குகின்றன. மென்மையான துணியில் துடைத்து ஈரமின்றி வைப்பதே போதுமான நாள்களும் உண்டு. இதைக் கட்டளையாகச் சொன்னால் காதில் ஏறாது. அர்ச்சகரோடு அமர்ந்து, அவர் கையாலேயே செய்து பார்க்கவைத்தால் ஏறும். அந்தப் பொறுமையும் மரியாதையும் பாடத்திட்டத்தின் பகுதியாக வேண்டும். வேதியியல் படித்தவருக்கு இதைக் கற்பிப்பது கடினம், ஆனால் முடியாததல்ல.

யாங்கூன் தமிழரின் உடைமைகள்

தமிழருக்கும் பர்மாவுக்குமான உறவு ரங்கூனுக்கும் (யாங்கூனின் பழைய பெயர்) முந்தையது. பாகானில் கிடைத்த 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, நானாதேசி விண்ணகர் என்ற திருமால் கோயிலுக்கு மலைமண்டலத்து மகோதையர்பட்டினத்தைச் சேர்ந்த குலசேகர நம்பி மண்டபமும் கதவும் விளக்கும் அளித்ததைச் சொல்கிறது. 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். 1930 வாக்கில் பர்மாவில் சுமார் 1,650 செட்டியார் நிறுவனங்கள் இயங்கின. அவற்றின் தலைமையிடம் ரங்கூனின் மொகல் தெருக் கிட்டங்கிகள். 1871-இல் தமிழர் எழுப்பிய ஸ்ரீகாளி கோயில் இன்றும் வண்ணக் கோபுரத்தோடு நிற்கிறது. நகரத்தார் தண்டாயுதபாணி கோயில்களை நாடெங்கும் கட்டினார்கள். தமிழ் முஸ்லிம்களான சோழியாக்களின் பள்ளிவாசலும் நகர மையத்தில் உண்டு.

1942-இல் ஜப்பானியர் படையெடுப்பில் லட்சக்கணக்கானோர் நடந்தே இந்தியா வந்தார்கள். 1964-இல் நே வின் அரசு கடைகளையும் தொழில்களையும் தேசியமயமாக்கியபோது இன்னொரு பெருங்கூட்டம் கப்பலேறியது. சென்னையின் பர்மா பஜார் அந்த வருகையின் விளைவு. எஞ்சியவர்களின் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளிகள் இல்லாமல் போயின. அதனால் ஒரு தனிச் சிக்கல்: கட்டடங்கள் இருக்கின்றன, அவற்றின் கதையைச் சொல்லும் தாள்களைப் படிக்கக்கூடியவர் குறைந்துகொண்டே வருகிறார்கள். கோயில் கணக்குப் பேரேடு, நன்கொடைப் பட்டியல், திருமணப் பதிவு, படம் போட்ட கண்ணாடிச் சட்டம் போன்றவற்றைக் கறையான் அரிக்கும் முன் காப்பாற்ற வேண்டும். பெரிய வேதியியல் தேவையில்லை. பசை நாடாவால் ஒட்டாமல், மாவுப் பசையும் மெல்லிய ஜப்பானியத் தாளும் கொண்டு கிழிசலைச் சேர்க்கக் கற்ற கை வேண்டும். தமிழும் பர்மிய மொழியும் அறிந்த கண் வேண்டும்.

சுவடிகளில் இந்த இரு மரபுகளும் இன்னும் நெருங்கி வருகின்றன. பர்மியர் பனையோலைச் சுவடிக்கு எண்ணெய்க் கிணறுகளில் ஊறிய கச்சா எண்ணெயைத் தடவினார்கள். நாம் எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவுகிறோம். இரண்டும் ஓலை வளையவும் பூச்சி அணுகாதிருக்கவும் செய்யும் வேலை. யாங்கூனின் பல்கலைக்கழக மைய நூலகத்திலும் மடாலயங்களிலும் இருக்கும் சுவடிகளைப் பாதுகாக்கப் பயில்பவர், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் ஒரு மழைக்காலம் தங்கினால் பெறுவதும் தருவதும் ஏராளம்.

சென்னையிடம் இருப்பது

1930-இல் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் ஒரு வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் தொடங்கியது. மண்ணிலிருந்து எடுத்த வெண்கலப் படிமங்களைப் பச்சைத் தூளாகத் தின்னும் 'வெண்கல நோய்'தான் உடனடிக் காரணம். உலோகத்தில் ஊறிய குளோரைடு உப்பு ஈரக்காற்றில் விழித்துக்கொண்டு, தன்னைத் தானே பெருக்கும் அரிப்பு அது. அங்கே பணிபுரிந்த எஸ். பரமசிவன் மின்னாற்பகுப்பால் அந்த உப்பை வெளியேற்றும் முறையைக் கையாண்டார். தஞ்சை, சித்தன்னவாசல் ஓவியங்களின் சாந்தையும் வண்ணத்தையும் ஆராய்ந்தார். பொருள்கள் இங்கே, நோய் இங்கே, மருத்துவரும் இங்கேயே என்ற எளிய ஏற்பாடு அது. இந்த ஆய்வகம் தொண்ணூறாண்டுக்கும் மேலாகத் தொடர்கிறது. வெளியிடத்தாருக்குப் பயிற்சியும் அளிக்கிறது. கலைப் பொருள் பாதுகாப்புக்கான பன்னாட்டு மையமான ஐக்ரோம் உருவாக வேண்டும் என்று யுனெஸ்கோ முடிவு செய்த 1956 மாநாடு புதுதில்லியில் நடந்தது. சென்னை ஆய்வகம் அதற்கும் கால் நூற்றாண்டு மூத்தது.

யாங்கூனில் இத்தகைய நிலையான ஆய்வகம் வேரூன்றாததன் விலையை ஒரு திரைப்படத்தில் காணலாம். 1934-இல் வெளியான பர்மியப் படம் 'மியா கா நைங்' மீட்கப்பட்டபோது, வேலை இத்தாலியின் பொலோனியா நகரில் நடந்தது. படம் மீண்டது மகிழ்ச்சி. ஆனால் அடுத்த படச்சுருளுக்கும் பொலோனியாவே போக வேண்டும்.

2021 பிப்ரவரி 1-இல் ராணுவம் மீண்டும் ஆட்சியைப் பிடித்தபின் வெளிநாட்டு வல்லுநர்களும் நிதியும் பெருமளவு விலகிப் போயின. 2025 மார்ச் 28-இல் 7.7 அளவிலான நிலநடுக்கம் சகாயிங்கையும் மண்டலேயையும் உலுக்கி, ஆயிரக்கணக்கான உயிர்களைப் பறித்தது. மடாலயங்களும் பகோடாக்களும் சரிந்தன. வெளியாள் வர இயலாத இத்தகைய நாளில், இடிபாட்டிலிருந்து எந்தத் துண்டை எடுத்து வைக்க வேண்டும், எதை எண்ணிட வேண்டும், எதைத் தொடாமல் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும் என்று தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவர் இருப்பது நூறு ஆலோசகர் அறிக்கைகளைவிட மேல்.

ஆகவே செய்யவேண்டியது பெரிய மாநாடு அல்ல. சென்னை ஆய்வகமும் புதுச்சேரி நிறுவனமும் மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியும் சேர்ந்து, ஆண்டுதோறும் சிலருக்காவது ஓராண்டுக்குக் குறையாத பயிற்சி தரலாம். அவர்களில் பர்மிய அருங்காட்சியக ஊழியரும் மடாலயத்துத் துறவியும் யாங்கூன் தமிழ்க் கோயில் அறங்காவலர் வீட்டுப் பிள்ளையும் இருக்க வேண்டும். பயிலும் காலத்தில் தங்கள் ஊர்ப் பொருளொன்றையே எடுத்து வேலை செய்ய வேண்டும். பர்மாவில் அமைதி திரும்பாதவரை படங்களையும் பதிவுகளையும் கொண்டாவது. திரும்பிப் போகும்போது சிறு கருவிப் பெட்டியும், ஆண்டுக்கு ஒருமுறை வந்து பார்க்கும் ஆசிரியரும், அவர்கள் சமூகமே தரும் ஒரு சம்பளமும் உறுதியாக வேண்டும். கோயில் ஒன்று திருப்பணிக்குச் செலவிடும் தொகையில் சிறு பங்கை இதற்கென ஒதுக்கினால் அந்தச் சம்பளம் கிடைக்கும். அர்ச்சகருக்கும் கணக்கருக்கும் கோயிலில் இடம் இருப்பதுபோல், பொருள்களைக் காப்பவருக்கும் ஓர் இடம் நிலையாக வேண்டும். அப்படி ஒருவரை அமர்த்தும் கோயிலும் மடாலயமும் பள்ளிவாசலும்தான் யாங்கூனில் பாதுகாப்புப் பயிற்சி பலித்தது என்பதற்குச் சான்று.